தண்ணி விழுதா என்று கேட்பவர்களுக்கு

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசியில் கைப்பேசி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒரு வானிலை நிலையம். சென்னையிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிடுவான். என்றோ ரயிலில் பழகிய கோயம்புத்தூர்க்காரர் கூப்பிடுவார். துபாயில் இருக்கிற எதிர்வீட்டு மாப்பிள்ளை லீவுக்கு நாள் குறிக்கும் முன்பு கூப்பிடுவார். நலம் விசாரிப்பார்கள், பிள்ளைகள் படிப்பைக் கேட்பார்கள், மூட்டுவலிக்கு எண்ணெய் சொல்வார்கள். அதெல்லாம் செருப்பைக் கழற்றும் நேரம். உள்ளே வந்ததும் ஒரே கேள்விதான்: "தண்ணி விழுதா?"

எங்கே விழுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் அருவி எத்தனை என்பதிலேயே ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. ஆனால் கேள்வி ஒன்று, அதற்குப் பதிலும் ஒன்று. "ஜோரா விழுது, வாங்க." பதில் சொல்கிறவர் குற்றாலத்துப் பக்கம் போய் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அதனால் என்ன? மொட்டைமாடியில் நின்று மேற்கே ஒரு பார்வை பார்ப்பார். மலையில் மேகம் இறங்கியிருந்தால் தண்ணீர் விழுகிறது. இறங்காவிட்டால் நாளைக்கு விழும். 'விழவில்லை, வராதீர்கள்' என்று சொல்வது பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவதற்குச் சமம். இந்த ஊரில் அதை யாரும் செய்வதில்லை.

குற்றாலீஸ்வரனும் செய்ததில்லை. மற்றவர்கள் செய்யாததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இவர் ஒரு கலைக் கல்லூரியின் நூலகர். இணையத்தில் இருப்பதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று வருடா வருடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகவே சம்பளத்தில் ஒரு பகுதியை வாங்குகிறவர்.

பேரில்தான் குற்றாலம் இருக்கிறது. பிறந்தது ஆலங்குளத்தில். அங்கே குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நின்ற காலத்தில், பிள்ளை இல்லாத அவருடைய அப்பா குற்றாலநாதருக்கு நேர்ந்துகொண்டு, பிறந்தவனுக்கு நன்றி மறவாமல் பேர் வைத்தார். அந்தப் பேர்க்காரனுக்கு அருவியில் குளித்தால் மறுநாளே சளி பிடிக்கும். நூலக அறிவியல் படித்து, தென்காசியில் வேலை கிடைத்து, வாசுதேவநல்லூரிலிருந்து உமா மகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் அவர் அருவியில் தலை நனைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நூலகத்துச் சுவரில் அவர் கைப்பட எழுதிய ஓர் அட்டை தொங்குகிறது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதையாவது விற்கிறாரா என்று ஆரம்பத்தில் பத்துக் கேள்விகள் இருந்தன. படிக்க யாருக்கும் பொறுமை இல்லை என்று தெரிந்ததும் குறைத்துக்கொண்டே வந்தார். இப்போது அட்டையில் ஒரே கேள்விதான் மிச்சம்: 'அவருக்கு எப்படித் தெரியும்?' அதன் மேல் பாதியை மறைத்து யாரோ செங்கோட்டை பஸ் நேரத்தை ஒட்டியிருக்கிறார்கள். அவர் கிழிக்கவில்லை. அந்தச் சுவரில் மாணவர்கள் நின்று படிக்கிற ஒரே விஷயம் அதுதான்.

பாடத்தின் பலனை அவர் ஒவ்வொரு பருவமும் கண்ணால் பார்க்கிறார். பாண்டியர் கால நீர்ப்பாசனத்துக்கு ஆதாரமாக வீட்டுமனை விற்கிற கம்பெனியின் பக்கத்தைக் காட்டியவன் உண்டு. 'குற்றாலம் செல்ல ஏற்ற காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை' என்று எழுதிவந்த பெண், குற்றாலத்தை அடுத்த இலஞ்சிக்காரி. சாரல் காலத்தில் ஜன்னலைச் சாத்தாவிட்டால் படுக்கை நனையும் வீடு அவளுடையது.

"ஏம்மா, உங்க ஊர்ல சீசன் எப்போ?"

"ஜூன் ஜூலை சார்."

"அப்போ இதுல அக்டோபர்னு போட்டிருக்கியே."

"வெப்சைட்ல அப்படித்தான் சார் இருந்திச்சு."

"நீ அங்கனதானே குடியிருக்க?"

"ஆமா சார். ஆனா அதுக்கு ரெஃபரன்ஸ் இல்லையே."

யோசித்துப் பார்த்தால் அவர் நடத்திய பாடத்தைத்தான் அவள் திருப்பிச் சொல்கிறாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

போன வருடத்திலிருந்து இன்னொரு தொல்லை சேர்ந்துகொண்டது. முகம்மது கனி என்று ஒரு மாணவன் புத்தகப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். எல்லாம் கனமான தலைப்புகள். அலமாரி அலமாரியாகத் தேடி, மற்ற கல்லூரி நூலகங்களுக்கும் போன் போட்டுக் களைத்த பிறகுதான் குற்றாலீஸ்வரனுக்கு உறைத்தது, இப்படி ஒரு புத்தகத்தை உலகத்தில் எவரும் எழுதவில்லை என்று.

"இதெல்லாம் எங்கேருந்துலே எடுத்த?"

"ஏஐ சொன்னிச்சு சார்."

"எந்த ரேக்குல இருக்குன்னும் அதையே கேட்டுட்டு வா."

பையன் உண்மையிலேயே கேட்டுவிட்டு வந்தான். மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டாம்.

ஹுஸ்னா வந்து சேர்ந்தது இந்த லட்சணத்தில்தான். வரலாற்றுத் துறை, மூன்றாம் ஆண்டு. அவளுடைய வாப்பா முகம்மது சலீம் ரியாத்தில் இருக்கிறார். உம்மாவும் அவளும் தென்காசியில். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவள் மட்டும் நின்றாள்.

"சார், குற்றாலத்துல இன்னைக்குத் தண்ணி எப்படின்னு போடுத வெப்சைட் ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கு. ஒண்ணு சொல்லுதது இன்னொண்ணுக்கு ஒத்து வரலை. அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

தன்னுடைய அட்டையிலிருந்த கேள்வி ஒரு மாணவியின் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதே கிடையாது. கொஞ்ச நேரம் சந்தேகமாகவே பார்த்தார்.

"அதையே ப்ராஜெக்டா செய்யேன்."

"எங்க துறையில வேண்டாம்னு சொல்லுதாவ சார். எதையாவது எடுத்து ஒட்டி முடிச்சுட்டுப் போங்காவ. நீங்க வழிகாட்டியா இருக்கேன்னு சொன்னா விடுவாவ." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். "ஆனா சார், இதுல நான் பாஸாயிரணும். அரியர் இல்லாம முடிச்சா எம்.ஏ. படி, ஒண்ணு விழுந்தாலும் வீட்ல இருன்னு வாப்பா சொல்லிருக்காவ. வாப்பா ஒரு தடவைதான் சொல்லுவாவ."

வழிகாட்டிக்குச் சம்பளம் கூடாது. வேலை கூடும். குற்றாலீஸ்வரன் ஒத்துக்கொண்டார்.

அந்த சீசன் முழுக்க ஹுஸ்னா காலையில் குற்றாலம் பஸ் ஏறி, அருவியைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கல்லூரிக்கு வந்தாள். முதலில் அவ்வளவு சிரமம் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். அவளுடைய மாமா பீர் மைதீன் பேரருவிக்குப் போகும் வழியில் சீசன் கடை போட்டு மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறார். அவரிடம் போனில் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து ஒரு வாரம் கேட்டாள். ஒரு வாரமும் ஜோராக விழுந்தது. சந்தேகப்பட்டு நேரில் போனால், பாறையில் ஈரம் மட்டும் இருந்தது.

"மாமா, இதையா விழுதுன்னிய?"

"விழத்தானே போகுது? கொஞ்சம் முன்னாலயே சொன்னேன். பழம் அழுகிட்டு இருக்கு பிள்ளே."

எதையாவது விற்கிறாரா என்ற கேள்வியை அட்டையிலிருந்து எடுத்திருக்கக் கூடாது என்று குற்றாலீஸ்வரன் இதைக் கேட்டதும் வருத்தப்பட்டார்.

இணையதளங்களின் சாயம் மெல்ல மெல்ல வெளுத்தது. 'இன்றைய நீர்வரத்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு பக்கத்தில் தேதி மட்டும் தினமும் தானாக மாறும். மற்றது எதுவும் மாறாது. "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். "படத்துல மாமா கடைக்குப் பக்கத்துல ஒரு வேப்பமரம் நிக்குது சார். அது சாஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள். இன்னொரு தளம் அதைப் பார்த்து எழுதியது. மூன்றாவது இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டு பேர் சொல்வதால் உறுதி என்று எழுதியது. லாட்ஜுக்காரர்களின் பக்கங்களில் கோடையிலும் வெள்ளம் புரண்டது.

குற்றாலீஸ்வரன் மேசையைத் தட்டித் தட்டி ரசித்தார். "பாத்தியா, ஒருத்தனாவது நேர்ல போய்ப் பாத்தானா? இருந்த இடத்துலேருந்தே அளக்கான். மனசாட்சி வேண்டாமா?"

சரியாக அந்த நேரத்தில்தான் அவருடைய கைப்பேசி அடித்தது. சென்னையிலிருந்து மைத்துனன் மணிகண்டபிரபு. நலம், பிள்ளைகள், மூட்டுவலி எல்லாம் ஆயிற்று. குற்றாலீஸ்வரன் நாற்காலியை லேசாகத் திருப்பி ஜன்னல் வழியே மேற்கே பார்த்தார். மலை உச்சியில் மேகம்.

"ஜோரா விழுது மாப்ளே. யோசிக்காம கிளம்பி வா."

எதிரே ஹுஸ்னா, அன்று காலையில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண். சொல்லவில்லை.

மணிகண்டபிரபு பெண்டாட்டி, பிள்ளைகள், மாமனார், மாமியார் சகிதம் ரயிலில் வந்து இறங்கினான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் போனார்கள். ஓட்டை ஓட்டின் வழியே மழை ஒழுகுகிற அளவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே பெரிய வரிசை. தலையில் தேய்த்த எண்ணெயோடு போய், தலையில் தேய்த்த எண்ணெயோடு திரும்பினார்கள். வீட்டுக் குழாயில் வரிசையாகக் குளித்ததில் மேல்தொட்டி காலியாயிற்று.

அன்று உமா மகேஸ்வரி சோற்றைப் போட்டுக்கொண்டே பேசினாள். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எது நிஜம் எது பொய்ன்னு சொல்லிக் குடுக்கீங்க. என் தம்பிக்கு மட்டும் ஜன்னலைப் பாத்துச் சொல்லுதீங்க."

"மேகம் இருந்துச்சு உமா."

"மேகத்துலயா குளிப்பாங்க?"

அவர் ரசம் கேட்டார். வரவில்லை.

சீசன் முடிந்து அக்டோபர் வந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹுஸ்னா அச்செடுத்த பிரதியோடு வந்தாள். ஒன்றை ஏற்கெனவே முதல்வர் அறையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வழிகாட்டி கையெழுத்துப் போட்டு, முதல்வர் மேலொப்பம் போட்டால்தான் ஏடு உள்ளே போகும்.

"சார், ஒண்ணு சொல்லணும். நீங்க கோவப்படக் கூடாது."

"கோவப்படுத மாதிரி இருந்தா படுவேன். சொல்லு."

"கடைசி அத்தியாயத்துல, வெப்சைட் போக, வாயால சொல்லுதவங்களையும் சேத்து ஒப்பிட்டிருக்கேன். யாருக்கும் பேர் போடல. பழக்கடைக்காரர் ஒருத்தர், ஆட்டோ ஓட்டுதவர் ஒருத்தர், லாட்ஜ் மேனேஜர் ஒருத்தர்."

"நல்ல யோசனைதானே. இதுக்கு எதுக்குக் கோவப்படணும்?"

"கல்லூரி நூலகர் ஒருத்தர்."

குற்றாலீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேர் போடலைன்னியே."

"போடல சார்."

"இந்தக் காலேஜ்ல எத்தனை நூலகர் இருக்காவ?"

"ஒருத்தர்தான் சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை.

"எவ்வளவு போட்டிருக்க?"

"நான் இங்கன இருக்கும்போது அஞ்சு தடவை போன்ல சொன்னீங்க சார். ஒரு தடவை சரியா இருந்திச்சு. நூத்துக்கு இருபது."

"அந்த ஒரு தடவை பாத்தியா, சரியாத்தான் சொல்லிருக்கேன்."

"அன்னைக்கு ஊரே வெள்ளக்காடா கெடந்துச்சு சார்."

"பழக்கடைக்காரருக்கு?"

"நாப்பது. மாமா கடையிலேருந்து எட்டிப் பாத்தா அருவி தெரியும் சார்."

குற்றாலீஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதுவரை எந்த மாணவரிடமும் பேசாத மென்மையான குரலில் பேசினார். "இங்க பாரும்மா. உன் தலைப்பு இணையதளம். அதுல இந்த வரி ஆய்வுக்குத் தேவையா? எடுத்துரு. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"சரி சார்," என்றாள் ஹுஸ்னா. ஏட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் முதல்வர் அழைத்தார். சங்கரேஸ்வரி மேடம் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. டீ கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். டீ வந்தது. எனவே விஷயம் பெரியது.

"உங்க பிள்ளை நம்ம காலேஜ் வெப்சைட்டுக்கு நூத்துக்குப் பதினெட்டு போட்டிருக்கு. பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். பார்த்து ரசித்தும் இருந்தார். 'வற்றாத அருவிகளின் ஓசை ஆண்டு முழுவதும் கேட்கும் வளாகம்' என்று கல்லூரியின் பக்கத்தில் எழுதியிருந்தது. வளாகத்தில் கேட்பது பைபாஸில் போகும் லாரிகளின் ஓசை. மேலே ஓர் அருவியின் படமும் இருந்தது.

"அந்தப் படத்துல இருக்கது குற்றாலமே இல்ல மேடம். கேரளா அருவி."

"அருவிதானே சார்? பாக்க நல்லா இருக்கு."

"நல்லா இருக்கது ஆதாரம் ஆகாதே மேடம்."

"நான் ஆதாரம் கேக்கல. தாளாளர் இதைப் படிச்சா என்னைக் கேப்பாரு. ஊர்ல எவ்வளவோ வெப்சைட் இருக்கு, அதையெல்லாம் கிழிக்கட்டும், நான் வேண்டாங்கல. நம்மளைப் பத்தின இந்த வரி ஆய்வுக்குத் தேவையா? எடுத்துட்டுக் கொண்டாரச் சொல்லுங்க. நாளைக்குக் கடைசி நாள். எடுக்காட்டா நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

குற்றாலீஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மாதிரி நேரத்துக்காகவே இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பிரசங்கம் தொண்டை வரை வந்துவிட்டது. ஆய்வில் நம் வீடு எதிர் வீடு என்று கிடையாது, உண்மைக்கு மாமன் மச்சான் உறவு இல்லை, இப்படியெல்லாம். வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்த வார்த்தை அவர் காதில் இரண்டாவது முறை விழுந்தது. ஆய்வுக்குத் தேவையா. நேற்று அவர் சொன்ன அதே வார்த்தை. குரலின் மென்மைகூட அப்படியே இருந்தது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. மேடத்தின் வரியை எடுக்க மறுப்பதென்றால் தன் வரியும் இருக்க வேண்டும். தன் வரியை எடுப்பதென்றால் மேடத்தின் வரியும் போக வேண்டும். அதற்கப்புறம் அந்த ஏட்டில் மிஞ்சுவது, எங்கோ நொய்டாவில் உட்கார்ந்து வெப்சைட் நடத்துகிற, எதிர்த்துக் கேட்க வராத நாலு பேரைத் திட்டின பெருமைதான். அந்தப் பெண் காலையில் பஸ் ஏறினது இதற்காக அல்ல.

என்ன எழவுடா இது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே வேறு சொன்னார்.

"மேடம், அதே பக்கத்துல கீழ பாருங்க. கல்லூரி நூலகர்னு ஒரு வரி இருக்கும்."

சங்கரேஸ்வரி மேடம் பார்த்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கொஞ்ச நேரம் அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

"உங்களுக்கு இருபதா?"

"ஆமா மேடம்."

"எங்களைவிட ரெண்டு கூட."

"அதை வேணும்னா குறைச்சுக்கிடலாம் மேடம். ரெண்டு வரியும் இருக்கட்டும். யாராவது கேட்டா, நூலகரையே அந்தப் பிள்ளை விடலைன்னு சொல்லிருங்க. நான் போடுத கையெழுத்துக்கு மேலதான் உங்க கையெழுத்து வரும். சிரிக்கதா இருந்தா என்னையத்தான் முதல்ல சிரிப்பாங்க."

மேடம் யோசித்தார். தன்னைக் குறை சொல்கிற காகிதத்தில் இன்னொருவரும் கூட இருப்பது எப்போதுமே ஓர் ஆறுதல்தான். "வெப்சைட்டை நேர் பண்ணச் சொல்லிருதேன்," என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். அதன்படி நேர் செய்யவும் பட்டது. கேரளத்து அருவியை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது ஆப்பிரிக்காவில் எங்கோ உள்ளது.

நூலகத்துக்குத் திரும்பியபோது ஹுஸ்னா காத்திருந்தாள்.

"அந்த வரியை எடுக்காத. அப்படியே இருக்கட்டும்."

"நான் இன்னும் எடுக்கல சார். நீங்களே எடுக்க வேண்டாம்பீங்கன்னு நினைச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். சும்மா ஒரு நம்பிக்கைதான்."

"அதெல்லாம் ஆதாரம் இல்ல," என்று சொல்லிவிட்டு, குற்றாலீஸ்வரன் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வு நவம்பர் கடைசியில் வந்தது. மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாகக் குற்றாலத்தில் இறங்குகிற காலம். மலையில் மழை வலுத்து, அருவியில் குளிக்கப் போலீஸ் தடை போடுவதும் எடுப்பதுமாக இருந்தது. தேர்வாளர் மதுரைப் பக்கத்திலிருந்து காரில் வந்தார். தென்காசிக்குத் தேர்வாளராக வர மறுத்த பேராசிரியர் யாரும் இதுவரை கிடையாது. காரின் பின்சீட்டில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ஜன்னலோரம் நாலு துண்டும் சீயக்காய் டப்பாவும் தெரிந்தன.

உள்ளே ஹுஸ்னாவின் முறை வந்தது. வழிகாட்டி என்ற முறையில் குற்றாலீஸ்வரன் ஒரு ஓரமாகவும், முதல்வர் என்ற முறையில் சங்கரேஸ்வரி மேடம் நடுவிலும் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர் ஏட்டைப் புரட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏட்டை மூடினார்.

"நீர்வரத்து பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. ஒரே ஒரு கேள்வி. இப்ப தண்ணி விழுதாம்மா?"

அறையில் இருந்த மூன்று தென்காசிக்காரர்களில் இரண்டு பேருடைய கழுத்து தானாக மேற்குப் பக்கம் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கியிருந்தது. "ஜோரா விழுது சார், இப்ப போனா கூட்டமும் இருக்காது" என்கிற வார்த்தைகள் குற்றாலீஸ்வரனின் நாக்கு நுனியில் வந்து நின்றன. மேடத்தின் உதடு அசையத் தொடங்கியதையும் அவர் பார்த்தார். மார்க் போடப் போகிற மனிதர். துண்டோடு வந்திருக்கிறார். இந்தப் பெண்ணின் எம்.ஏ., அவளுடைய வாப்பா ஒரே ஒரு தடவை சொன்ன வார்த்தை, எல்லாம் அந்தத் துண்டு நனைவதில் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் 'ஆமா சார்' என்றுதான் சொல்லும்.

"தெரியாது சார்," என்றாள் ஹுஸ்னா.

தேர்வாளர் நிமிர்ந்தார். "தெரியாதா?"

"காலையில வரும்போது பாத்தேன் சார். அப்போ வெள்ளம் வந்து தடை போட்டிருந்தாவ. இப்போ எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். பாக்காம சொல்ல முடியாது சார்."

தேர்வாளருக்கு முகம் வாடியது. முதல்வர் பக்கம் திரும்பினார். மேடம் அவசரமாக ஏட்டைப் பார்க்க ஆரம்பித்தார். பதினெட்டு என்ற எண் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். கடைசியாகத் தேர்வாளர் குற்றாலீஸ்வரனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார், நீங்க உள்ளூர்தானே?"

"நானும் பாக்கல சார்," என்றார் குற்றாலீஸ்வரன். இந்த மூன்று வார்த்தையை அவர் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சொன்னதில்லை. வாயில் வேப்பங்காய் கடித்தது போல் இருந்தது.

"அப்ப ஒண்ணு செய்யலாம்," என்று தேர்வாளர் எழுந்தார். "நான் போய்ப் பாத்துட்டு வந்து மார்க் போடுறேன்."

கார் குற்றாலம் ரோட்டில் போய் மறைந்தது. ஹுஸ்னா வராந்தாவில் உட்கார்ந்து துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். குற்றாலீஸ்வரன் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். தடையை எடுத்திருக்க வேண்டும் என்று குற்றாலநாதரை வேண்டிக்கொண்டார். ஓர் ஆய்வேட்டின் தரம் போலீஸ்காரர் கயிற்றை அவிழ்ப்பதில் வந்து நிற்பது நியாயமா என்று அவரையே கேட்டும் கொண்டார்.

"நான் விழுதுன்னு சொல்லிருக்கணுமோ சார்?" என்றாள் ஹுஸ்னா.

"சொல்லிருந்தா நானே உனக்கு மார்க் போட்டிருக்க மாட்டேன்."

"நீங்க போட முடியாதே சார். அவருதானே போடணும்."

"அதுதாம்மா நானும் யோசிக்கேன்."

மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு கார் திரும்பியது. தேர்வாளர் இறங்கினார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது, முகத்தில் ஞானிகளுக்கு மட்டுமே வாய்க்கிற ஒரு சிரிப்பு. நாலு துண்டும் கார்க் கதவுகளில் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னம்மா, தெரியாதுன்னுட்டியே. அருமையா விழுது."

"விழலைன்னு நான் சொல்லல சார்."

"சரியாப் போச்சு, சரியாப் போச்சு," என்று பேனாவை எடுத்தார். அந்த வருடம் வரலாற்றுத் துறையில் யாருக்கும் விழாத மார்க் ஹுஸ்னாவுக்கு விழுந்தது. வராந்தாவுக்கு வந்ததும் அவள் ரியாத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. இவள் "ஆமா வாப்பா, ஆமா வாப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள்.

குற்றாலீஸ்வரனுக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. அந்த மார்க் ஆய்வுக்கு விழுந்ததா, குளியலுக்கு விழுந்ததா? தடை இருந்திருந்தால் எவ்வளவு விழுந்திருக்கும்? ஆதாரம் எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாணவி அவருடைய பாடத்தைப் புரிந்துகொண்டாள். அது நிரூபணமான விதம் மட்டும் எந்த நல்ல ஏட்டிலும் சேர்க்க முடியாததாக இருந்தது. அலுத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது. மணிகண்டபிரபு. ஜூலையில் பட்டது ஆறியிருக்க வேண்டும். நலம் விசாரித்தான். பிள்ளைகளைக் கேட்டான்.

"அத்தான், லீவு கிடைச்சிருக்கு. தண்ணி விழுதா?"

குற்றாலீஸ்வரன் நாற்காலியைத் திருப்பவில்லை.

"காலையில தடைன்னு ஒரு பிள்ளை பாத்துட்டு வந்து சொல்லிச்சு. மத்தியானம் ஒருத்தர் தலை ஈரமா வந்தாரு. இப்போ எப்படின்னு தெரியாது மாப்ளே. நான் பாக்கல."



"வரவேண்டாம்னா வரவேண்டாம்னு நேராவே சொல்லிருங்க அத்தான்," என்றான் மணிகண்டபிரபு. "நான் அக்காகிட்ட பேசிக்கிடுதேன்."